ஃப்ளூரி: தொட்டியில் நான்கு வருடம்

தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். குளிர் நாட்டில், சின்ன முற்றமோ பால்கனியோ வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பூங்கொடிக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் ஃப்ளூரி வாங்குங்கள். கிளெமட்டிஸ் வகை. ஆழ்ந்த ஊதாப் பூ, இடுப்பளவு உயரம், மே கடைசியில் ஆரம்பித்தால் நடுவில் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு செப்டம்பர் வரை பூக்கும். நான் 2021 ஏப்ரலில் வாங்கினேன். இதை எழுதும் 2025 ஜூலையில் என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருபத்திரண்டு பூவோடு நிற்கிறது. இன்று காலை டீ ஆறுவதற்குள் எண்ணி முடித்தேன்.

நான் இருப்பது வோக்கிங்கில். லண்டனுக்குத் தென்மேற்கே, சரே மாவட்டத்தில், வாட்டர்லூவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். தரைத்தள வீடு. பின்னால் பத்தடிக்கு எட்டடி கல் பாவிய முற்றம், அதை அடைத்து ஒரு செங்கல் சுவர். மண் என்று ஒரு பிடி கிடையாது, எல்லாமே தொட்டிதான். பிறந்தது கோத்தகிரி. அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவாத்து மேஸ்திரி. செடியை வெட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவள் என்பதால், கொடி வாங்குவதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

இந்த ஊர்க்காரர்கள் கிளெமட்டிஸைக் கொடிகளின் ராணி என்பார்கள். எனக்கு அந்த ராணியோடு முதல் பழக்கம் சரியாக அமையவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரின் சுவரில் ஒரு ஜாக்மனி கிளெமட்டிஸ் இருக்கிறது. பத்தடி ஏறி, மேலே போய் ஊதாக் கூரை போட்டதுபோல் பூக்கும். கீழே இருந்து பார்த்தால் காய்ந்த கயிறு மாதிரி பழுப்புத் தண்டு மட்டும்தான் தெரியும். பூ முழுக்க முதல் மாடிக்காரருக்கு, தண்டு எனக்கு. பெரும்பாலான பழைய கிளெமட்டிஸ் இப்படித்தான். காட்டில் மரத்தைப் பிடித்து ஏறி வெயில் தேடிய கொடி அது. வெளிச்சம் கிடைக்கிற உச்சியில் பூத்தால் போதும் என்பது அதன் பழக்கம்.

ஃப்ளூரி அந்தப் பழக்கத்தை விட்ட செடி. மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே முதல் பூ. அங்கிருந்து நுனிவரை கணுவுக்குக் கணு மொட்டு. என் சமையலறை ஜன்னலின் விளிம்பு தரையிலிருந்து மூன்றடி. நின்று பாத்திரம் கழுவும்போது கண்ணுக்கு நேராகப் பூ இருக்க வேண்டும் என்று நான் கேட்டது அதிகமில்லை, ஆனால் அதைத் தந்த முதல் கொடி இதுதான்.

சரி, வாங்கிய கதை. ஒரு பெரிய கார்டன் சென்டரில் வாங்கினேன், பெயர் வேண்டாம். 22 பவுண்டு. அந்த விலைக்கு அங்கே சாதாரண கிளெமட்டிஸ் இரண்டு கிடைத்திருக்கும். இரண்டு லிட்டர் தொட்டி, மூங்கில் குச்சியில் கட்டிய செடி, பூத்த படத்தோடு ஒரு அட்டை. வீட்டுக்கு வந்து தொட்டியைக் கவிழ்த்தால், வேர் அடியில் நாலைந்து சுற்று சுற்றி, மண்ணே தெரியாமல் நூல்கண்டு மாதிரி இருந்தது. போன வருடச் சரக்கு என்று புரிந்தது. மூன்று தண்டில் ஒன்று குச்சியோடு கட்டிய இடத்திலேயே முறிந்திருந்தது. கிளெமட்டிஸ் தண்டு வைக்கோல் மாதிரி, ஒடிந்தால் ஒடிந்ததுதான். போன் செய்தேன். ரசீதோடு எடுத்து வந்தால் மாற்றித் தருவோம் என்றார்கள். அவர்களிடம் இருந்த மற்றவையும் அதே சரக்குதானே? மாற்றவில்லை. வேரை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, விரலால் மெல்லப் பிரித்து நட்டேன். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே தொட்டியின் அடித்துளையைப் பாருங்கள். வேர் கொத்தாக வெளியே தொங்கினால் அடுத்த செடியை எடுங்கள். பூவைப் பார்த்து எடுக்காதீர்கள். பூ இரண்டு வாரத்தில் போய்விடும், வேர்தான் நம்மோடு இருக்கப் போவது.

நடும் முறையில் ஒரு விஷயம் முக்கியம். நம் ஊரில் எந்தச் செடியை நட்டாலும் நாற்றங்காலில் இருந்த மண்மட்டத்துக்கே நடுவோம், தண்டை மூடினால் அழுகும் என்போம். கிளெமட்டிஸுக்கு நேர் எதிர். வேர்க்கட்டியின் மேல்பரப்பு மண்ணுக்குள் இரண்டு மூன்று அங்குலம் போக வேண்டும், கீழ்க்கணுக்கள் புதைய வேண்டும். பெரிய பூ கிளெமட்டிஸுக்கு வாடல் நோய் என்று ஒன்று உண்டு. ஒரு பூஞ்சை, நேற்று வரை நன்றாக இருந்த தண்டை ஒரே நாளில் தொங்கப் போட்டுவிடும். மேலே செத்தாலும் புதைந்த கணுவிலிருந்து மறுபடி முளைக்கும் என்பதற்காகத்தான் இந்த ஆழம். 2023 ஜூலையில் எனக்கு அது நடந்தது. ஐந்து தண்டில் இரண்டு, மொட்டும் பூவுமாக, காலையில் எழுந்து பார்த்தால் வெந்த கீரை மாதிரி தொங்கின. மண்மட்டத்துக்கு வெட்டி, வெட்டியதைக் குப்பையில் போட்டேன், உரக்குழியில் போடக் கூடாது. ஐந்து வாரத்தில் கீழிருந்து இரண்டு சிவந்த முளை வந்தது. செப்டம்பரில் அவையும் பூத்தன. அன்று ஆழமாக நடாமல் இருந்திருந்தால் இந்த விமர்சனமே இருந்திருக்காது.

இப்போது பூ. மொட்டு முதலில் கூர்மையாக, பச்சையாக, மேல்நோக்கி நிற்கும். தோலில் மெல்லிய வெள்ளை ரோமம் இருக்கும், விரல் வைத்தால் கன்றுக்குட்டியின் காது மாதிரி. இரண்டு நாளில் பச்சை வடிந்து அழுக்கு ஊதா ஏறும். மூன்றாம் நாள் காலை விளிம்புகள் விடும். விரிந்த பூ என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் சின்னது. நிறம் கத்தரிக்காய்த் தோலின் ஊதா. ஒவ்வொரு இதழின் நடுவிலும் மேலிருந்து கீழாக ஒரு சிவந்த பட்டை, அதுவும் விளிம்பைத் தொடாமல் ஊதாவிலேயே கரைந்துபோகும். சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழும்போது அந்தப் பட்டை மட்டும் ஒளிரும். அருகில் பார்த்தால் வழவழப்பு இல்லை. நல்ல வெல்வெட் துணியில் கை வைத்தபின் தெரிகிற தடம் மாதிரி ஒரு நிழல் ஓடும். இதழ் என்று நாம் சொல்கிறோமே, தாவரவியல் கணக்கில் அவை இதழே அல்ல, நிறம் ஏறிய புல்லிதழ்கள். கிளெமட்டிஸின் பகட்டெல்லாம் அந்தப் புல்லிதழில்தான். அதனால்தான் ஒரு ரோஜா இதழ் உதிர்ந்த பிறகும் இது விறைப்பாக நிற்கிறது என்று நினைக்கிறேன்.

வாசம்? இல்லை. துளிகூட இல்லை. போன வருடம் அம்மா ஆறு மாதம் வந்து இருந்தாள். முதல் நாள் முற்றத்துக்கு வந்தவள் செய்த முதல் வேலை குனிந்து முகர்ந்து பார்த்ததுதான்.

“ஏம்மா, இவ்ளோ பெரிய பூவு, வாசமே காணோமே?”

“இல்லம்மா, இது அப்படித்தான்.”

“தொடுக்கவும் முடியாது போல. காம்பு இருக்கு, ஆனா பூ கனம்.”

தொடுத்தும் பார்த்தாள். நூலில் மூன்று பூ சேர்ப்பதற்குள் நசுங்கிவிட்டது. ஆனால் அம்மா விடவில்லை. ஒரு வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி இரண்டு பூவை மிதக்கவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். செவ்வாய்க்கிழமை வைத்தது ஞாயிறு வரை வாடவில்லை. அது எனக்குத் தெரியாத குணம். அதற்கு முன் மூன்று வருடம் நான் ஒரு பூவைக்கூடப் பறித்ததில்லை. ஒரு எச்சரிக்கை: தண்டின் சாறு சிலருக்குத் தோலில் எரியும். கவாத்து செய்யும்போது கையுறை போடுங்கள், பறித்தபின் கை கழுவுங்கள். வாயில் வைக்கிற வயதில் குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கவாத்து என்றதும் அப்பா ஞாபகம். ஃப்ளூரிக்குப் பிப்ரவரி கடைசியில் ஒரே வெட்டுதான். மண்ணிலிருந்து ஆறு அங்குலம் முதல் ஓரடிக்குள், தடித்த மொட்டுக்கு மேலே, எல்லாத் தண்டையும். பழைய கிளெமட்டிஸ் வாங்கியவர்களுக்கு இந்த விஷயத்தில் பெரிய குழப்பம் இருக்கும். முதல் குழு, இரண்டாம் குழு, மூன்றாம் குழு என்று கவாத்து வகைகள் உண்டு, தவறிப்போய் வெட்டினால் ஒரு வருடப் பூ போச்சு. இதில் அந்தக் கவலை வேண்டாம். முதல் முறை வெட்டும்போது எனக்குக் கை நடுங்கியது. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் செடியைப் பார்த்துவிட்டு, “உச்சியப் பாத்து வெட்டாத, கணுவப் பாத்து வெட்டு” என்றார். தேயிலைக்குச் சொன்னது இதற்கும் பொருந்தியது. வெட்டிய பத்தாவது வாரம் செடி முன்பைவிட அடர்ந்து நின்றது.

இந்தச் செடி ஏன் இரண்டு மடங்கு விலை என்று முதல் வருடம் முழுக்க எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பதில் தேடிப் போனதில்தான் எனக்கு இதன்மேல் மரியாதையே வந்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் குறை சொன்னேனே ஜாக்மனி, அது பிறந்தது இதே வோக்கிங்கில். செயின்ட் ஜான்ஸ் பகுதியில் ஜாக்மன் குடும்பத்தின் நர்சரி இருந்தது. ஜார்ஜ் ஜாக்மன் 1858-இல் செய்த மகரந்தச் சேர்க்கையின் நாற்றுகள் 1862-இல் பூத்தன. சீனாவிலிருந்து ராபர்ட் ஃபார்ச்சூன் கொண்டுவந்த பெரிய பூ இனமான லனுஜினோசாவும், ஐரோப்பாவின் தெற்குப் பகுதியைச் சேர்ந்த விடிசெல்லா வழி வந்த செடிகளும் அந்தக் கலப்பில் சேர்ந்தன. ஒன்றிடமிருந்து பூவின் அளவு, இன்னொன்றிடமிருந்து ஊதா நிறமும் உரமும். அடுத்த வருடம் காட்சிக்கு வைத்ததும் இங்கிலாந்தே அதை வாங்கியது. இன்றும் விற்கிறது. என் ஜன்னலுக்கு எட்டாத தூரத்தில் பூக்கிறது என்று நான் வருத்தப்பட்ட கொடி, நான் தினம் நடக்கிற ஊரின் சொத்து என்று தெரிந்தபோது பெரியவரின் சுவரை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்.

அதன்பின் நூறு வருடத்துக்கு மேல் கிளெமட்டிஸ் என்றால் உயரம்தான். வார்சாவில் ஸ்டெஃபான் ஃபிரான்ச்சாக் என்ற ஏசு சபைத் துறவி தன் மடத்துத் தோட்டத்தில் உருவாக்கிய போலிஷ் ஸ்பிரிட் எவ்வளவு அழகான ஊதா! அதுவும் பத்தடிக்கு மேல் போகும். வீடுகளோ சிறுத்துக்கொண்டே வந்தன. தோட்டம் போய் முற்றம் வந்தது, முற்றம் போய் பால்கனி வந்தது.

இந்த இடத்தில்தான் ரேமண்ட் எவிசன் வருகிறார். இங்கிலீஷ் கால்வாயில் கிடக்கும் கெர்ன்சி தீவில் கிளெமட்டிஸ் வளர்த்தவர். அந்தத் தீவு ஒரு காலத்தில் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி விளைத்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. தக்காளி வியாபாரம் நொடித்த பிறகு அந்தக் கூடாரங்கள் சிலவற்றில் பூச்செடி ஏறியது. லண்டனில் நடக்கும் செல்சி மலர்க்காட்சியில் இருபதுக்கும் மேற்பட்ட தங்கப் பதக்கம் வாங்கியவர் அவர். டென்மார்க்கின் போல்சன் என்ற ரோஜா வளர்ப்புக் குடும்ப நிறுவனத்தோடு சேர்ந்து, தொட்டிக்கென்றே குட்டிக் கிளெமட்டிஸ் உருவாக்கும் வேலையில் இறங்கினார். அந்த வரிசைக்கு புல்வார்ட் என்று பெயர். ஃப்ளூரி அதில் ஒன்று. அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் ‘எவிபோ042’ என்று போட்டிருக்கும். எவிசனின் ‘எவி’, போல்சனின் ‘போ’. செடியின் பதிவுப் பெயர் அதுதான், ஃப்ளூரி என்பது விற்கிற பெயர்.

குட்டையாக்குவது என்றால் நான் முதலில் ஏதோ மருந்து அடித்துக் குறுக்குவது என்று நினைத்தேன். தொட்டிப் பூக்கள் சிலவற்றுக்கு அப்படிச் செய்வதும் உண்டு, வீட்டுக்கு வந்தபின் மருந்தின் வேகம் தீர்ந்து செடி நீண்டுவிடும். இது பிறவிக் குட்டை. கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் தூரம் குறைவு. என் செடியில் கீழ்ப்பகுதியில் அளந்தேன், இரண்டு அங்குலம் சொச்சம். பெரியவரின் ஜாக்மனியில் அதே உயரத்தில் ஆறு அங்குலம். ஆனால் கணு நெருங்கினால் மட்டும் போதாது. உச்சியில் மட்டும் பூக்கிற குட்டைச் செடியும் இருக்கலாம். நெருங்கிய கணு ஒவ்வொன்றிலும் மொட்டு வைக்க வேண்டும், ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி வைக்க வேண்டும், தொட்டி மண்ணில் வருடக்கணக்கில் சலிக்காமல் இருக்க வேண்டும், வெட்டுத்துண்டு வைத்தால் வேர் விட வேண்டும். அந்த ஐந்தும் ஒரே நாற்றில் சேர்வதற்காக நாற்று நாற்றாகப் பார்த்துக் கழிக்கிறார்கள். கலப்பு செய்த நாளிலிருந்து கடைக்கு வருவதற்குப் பத்து வருடம் ஓடிவிடுவது சாதாரணம். ரகத்துக்கு உரிமை வாங்க வேண்டுமென்றால் அது வேறெதையும் போல் இருக்கக் கூடாது, எல்லாச் செடியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், தலைமுறை மாறினாலும் குணம் மாறக் கூடாது என்று மூன்று சோதனை தனியாக உண்டு.

இந்த உரிமை இருப்பதால் ஃப்ளூரியைப் பதியன் போட்டு விற்க முடியாது. ஆனால் அதைத் தாயாக வைத்து வேறு ரகம் உருவாக்கலாம், சட்டமே அதற்கு இடம் விடுகிறது. அது தெரிந்ததும் எனக்கு ஆசை வந்தது. 2022 ஜூனில் முயற்சி செய்தேன். இந்தச் செடியின் மதிப்பை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த முயற்சிதான், அதனால் விமர்சனத்தில் இதற்கும் இடம் வேண்டும்.

தாய் ஃப்ளூரி, மகரந்தம் பெரியவரின் ஜாக்மனி. என் ஆசை எளியது: ஜாக்மனியின் அந்தப் பழைய ஊதா, ஃப்ளூரியின் உயரத்தில். பெரியவரிடம் கேட்டபோது வேலியோரம் வந்து நின்று, வேண்டிய பூவை எடுத்துக்கொள் என்று ஏணியையும் பிடித்துக்கொண்டார்.

மொட்டு விரிவதற்கு முந்தின நாள், அதன் சொந்த மகரந்தமே சேர்ந்துவிடாமல் இருக்க, புல்லிதழை மெல்லக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். உள்ளே மஞ்சளும் ஊதாவுமாக மகரந்தத் தாள்கள் நெருங்கி நிற்கும். நகம் வெட்டுகிற சின்ன வளைந்த கத்தரியால் ஒவ்வொன்றாக அடியில் வெட்டினேன். நடுவில் சூலகமுடிகள் பட்டு நூல்கட்டு மாதிரி எஞ்சும். அவற்றில் கீறல் பட்டால் எல்லாம் வீண். வண்டு வராமல் பழைய வேட்டித் துணியில் தைத்த பையால் மூடினேன். இரண்டு நாள் கழித்துப் பையை விலக்கினால் நூல் நுனிகள் கொஞ்சம் பிரிந்து பளபளவென்று இருந்தன. ஜாக்மனிப் பூவின் தாளைச் சேலைப் பெயின்டிங்குக்கு வைத்திருந்த மெல்லிய தூரிகையால் தொட்டு, அந்த நுனிகளில் தடவினேன். மறுநாளும் ஒரு முறை. காம்பில் கம்பளி நூல் கட்டித் தேதி எழுதினேன்.

பதினான்கு பூவுக்கு இப்படிச் செய்தேன். ஜூலை 19-ஆம் தேதி இங்கிலாந்தில் வரலாறு காணாத 40 டிகிரி வெயில் அடித்தது. அன்று தொட்டியைச் சுவர் நிழலுக்கு இழுத்து, இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி, செங்கல் சுவரில் ஈரச் சாக்கு தொங்கவிட்டேன். அப்படியும் பதினான்கில் மூன்று தலைதான் விதை பிடித்தது. விதை ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் உண்டு, வெள்ளிப் பஞ்சு மாதிரி. அக்டோபரில் பழுத்தபோது கையில் எடுத்துப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கோத்தகிரியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், சோலை ஓரத்து வேலியில் ஒரு காட்டுக்கொடி படரும். வெளிறின சின்னப் பூ, யாரும் கவனிக்க மாட்டார்கள். காய்ந்தபின் அது விடும் பஞ்சை ஊதிப் பறக்கவிடுவது எங்கள் விளையாட்டு. அதுவும் கிளெமட்டிஸ்தான். நீலகிரியில் அதன் காட்டு இனங்கள் உண்டு. சிறுவயதில் ஊதி விளையாடிய விதையை நாற்பது வயதில் எண்ணி எண்ணி மண்ணில் வைத்தேன். தேறியது பத்தொன்பது.

பெரிய பூ கிளெமட்டிஸின் விதை முளைக்க ஆறு மாதமும் ஆகும், மூன்று வருடமும் ஆகும். விதைத் தட்டைக் குளிரில் வெளியே வைத்து, எலி தோண்டாமல் கம்பிவலை போட்டேன். 2023 மேயில் இரண்டு, அடுத்த வசந்தத்தில் மூன்று. ஐந்தில் மூன்றை நத்தை தின்றது. மீந்த இரண்டில் மூத்தது இந்த ஜூனில் முதல் பூ வைத்தது. வெளிறின ஊதா, நாலு இதழ், அதில் ஒன்று கோணல். உயரம் ஐந்தடி, பூ உச்சியில் மட்டும். ஜாக்மனியின் நீண்டு உச்சியில் பூக்கிற பழக்கம் வந்திருக்கிறது, அதன் நிறம் வரவில்லை. நான் கேட்டதற்கு நேர் எதிர்.

ஆசையாக வளர்த்த நாற்று, அழுகைகூட வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் அதையும் ஃப்ளூரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் 22 பவுண்டு எதற்கு என்று முழுதாகப் புரிந்தது. என் மூன்று வருடத்தில் கிடைத்தது ஒரே ஒரு நாற்றின் ஒரே ஒரு பூ. இதைப் போன்ற எத்தனையோ நாற்றைப் பூக்கவிட்டு, பார்த்து, போதாது என்று ஒதுக்கி, அதன்பிறகு ஒருவர் தேர்ந்தெடுத்தது என் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். தண்ணீர் விஷயத்தில் இது கண்டிப்பான செடி. கோடையில் தினம் வேண்டும், ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போக முடியும். தொட்டி பெரியதாக வேண்டும், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். நான் முதலில் ஓரடித் தொட்டியில் வைத்து ஒரு வருடத்தை வீணாக்கினேன். வேருக்கு நிழல், தலைக்கு வெயில் என்பது கிளெமட்டிஸின் பழைய விதி, இதற்கும் உண்டு. தொட்டியின் தெற்குப் பக்கம் ஒரு உடைந்த ஓடு சாய்த்து வைத்திருக்கிறேன். உரம் தக்காளிக்குப் போடுகிற திரவ உரம், வசந்தத்தில் வாரம் ஒரு முறை. மொட்டு விரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், போட்டுக்கொண்டே இருந்தால் பூ சீக்கிரம் முடியும். நல்ல நடு வெயிலில் பூவின் ஊதா பத்து நாளில் வெளுக்கும். அரை நாள் வெயில் படுகிற இடத்தில் நிறம் நிற்கிறது. அப்புறம் இது தானாகச் சுவரில் ஏறாது. இலைக்காம்பு எதையாவது சுற்றிப் பிடிக்கும், அதனால் மெல்லிய குச்சியோ கம்பியோ கொடுங்கள். பென்சிலைவிடத் தடித்த கம்பை அதனால் சுற்ற முடிவதில்லை.

ஊரிலிருந்து கேட்பவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, சென்னையில் வருமா என்பது. வராது, காசை வீணாக்காதீர்கள். இதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். ஊதாக் கொடிதான் வேண்டும் என்றால் சங்குப்பூ போடுங்கள், அது நம் வெயிலுக்கென்றே பிறந்தது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன். கனடா, நார்வே, ஜெர்மனியில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கடும் உறைபனி இருக்கிற இடத்தில் தொட்டியைச் சாக்கில் சுற்றி வையுங்கள், பனி நேரடியாகத் தாக்குவது தொட்டி வேரைத்தான்.

என் ஐந்தடி நாற்றைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய ஜாக்மனியின் பிள்ளை, அங்கேயே இருக்கட்டும் என்றார். இரண்டாவது நாற்று என்னிடம்தான் இருக்கிறது. இரண்டாவது வருடம், இன்னும் ஓரடிகூட எட்டவில்லை, கணு நெருக்கமாக இருக்கிறது. நேற்று தண்ணீர் ஊற்றும்போது குனிந்து பார்த்தேன். கீழிருந்து மூன்றாவது கணுவில் ரோமம் மூடிய ஒரு பச்சை முனை. இலையா மொட்டா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன்.